பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் வரலாற்றைப் படிப்பது எப்படி?

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி 18 முறை சாம்பியன் பட்டம் வென்றிருக்கிறது. என்பிஏ என்ற அந்தத் தொழில்முறை லீகின் அணிகளில் வேறெதுவும் இத்தனை முறை வென்றதில்லை. 17 பட்டங்களுடன் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணி அடுத்து நிற்கிறது. இந்த அணியைப் புதிதாக அறிய வருபவர்களில் பெரும்பாலோர் இந்த எண்ணிக்கையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆண்டுகளை மனப்பாடம் செய்கிறார்கள். ஐந்தாறு பெயர்களைத் தெரிந்துகொண்டு நின்றுவிடுகிறார்கள். நான் பரிந்துரைக்கும் வழி வேறு. ஒவ்வொரு வெற்றிக் காலத்துக்கும் முன்பாக நடந்த வீரர் பரிமாற்றங்களையும், அந்தக் காலத்தில் நடப்பில் இருந்த விதிகளையும் முதலில் படியுங்கள். ஆட்டங்களை அதற்குப் பிறகு பாருங்கள். அப்போதுதான் இந்த அணி ஏன் வென்றது, ஏன் 22 ஆண்டுகள் வெல்லாமலும் இருந்தது என்ற இரண்டுமே விளங்கும்.

முதலில் ஒரு தாளில் பட்ட ஆண்டுகளை எழுதி, இடைவெளிகளை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். 1957, பிறகு 1959 முதல் 1966 வரை தொடர்ந்து எட்டு, 1968, 1969 ஆகியவை ஒரு தொகுதி. 1974, 1976 இரண்டாவது. 1981, 1984, 1986 மூன்றாவது. அதற்குப் பின் தனித்தனியாக 2008, 2024. ஒவ்வொரு தொகுதிக்கும் பக்கத்தில் அப்போது லீகில் எத்தனை அணிகள் இருந்தன என்று குறியுங்கள். 1957இல் எட்டு அணிகள், இன்று முப்பது. அன்று தன் பிரிவில் முதலிடம் பிடித்த அணிக்குப் பட்டத்துக்கு இரண்டு தொடர்கள் (ஒரே எதிரணியுடன் பல ஆட்டங்கள் மோதுவது ஒரு தொடர்) போதும். இன்று நான்கு தொடர்கள் வெல்ல வேண்டும். இதைக் காட்டிப் பழைய பட்டங்களை மலிவானவை என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. எட்டே அணிகள் என்றால் நாட்டின் சிறந்த வீரர்கள் அனைவரும் அந்த எட்டுக்குள் நெருக்கமாக அடைந்திருந்தார்கள் என்றும் பொருள். ஒரே எதிரணியை ஒரு சீசனில் ஒன்பது முறைக்குக் குறையாமல் எதிர்கொள்ள வேண்டியிருந்தது; எந்த உத்தியையும் நெடுநாள் மறைத்துவைக்க முடியாது.

தேதிகளைக் குறிக்கும்போது இரண்டு வழக்கங்களை நினைவில் வைத்தால் குழப்பம் குறையும். 1985–86 சீசனின் பட்டம் 1986 கணக்கில் சேரும். அமெரிக்காவில் இரவில் முடியும் ஆட்டம் நம் நாட்காட்டியில் மறுநாள் காலையாக இருக்கும். 2024 இறுதித் தொடர் ஜூன் 17 அன்று பாஸ்டனில் முடிந்தபோது இங்கே ஜூன் 18 விடிந்திருந்தது. எல்லா இடத்திலும் அமெரிக்கத் தேதியையே எழுதுங்கள்.

1946 முதல் 1956 வரை: வெற்றியே இல்லாத பத்தாண்டுகள்

இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லாதீர்கள். 1946 ஜூனில் நியூயார்க்கில் கூடிப் புதிய கூடைப்பந்து லீகைத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் அரங்க உரிமையாளர்கள். பனி ஹாக்கி ஆட்டம் இல்லாத இரவுகளில் அரங்கம் காலியாகக் கிடந்தது. அதை நிரப்ப ஓர் ஆட்டம் தேவைப்பட்டது. பாஸ்டன் கார்டன் அரங்கத்தை நடத்திய வால்டர் பிரௌன் அவர்களில் ஒருவர். செல்டிக்ஸ் அணியைத் தொடங்கியவர் அவரே. முதல் சீசனில் அணி 22 ஆட்டங்களில் வென்று 38இல் தோற்றது. 1949இல் இந்த லீக் மற்றொரு லீகுடன் இணைந்து என்பிஏ என்ற பெயரைப் பெற்றது. 1950இல் ரெட் ஔவர்பாக் பயிற்சியாளராக வந்தார். அதே ஆண்டு, கலைக்கப்பட்ட சிகாகோ அணியின் மூன்று வீரர்களை மூன்று அணிகள் தொப்பிக்குள் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொண்டபோது, பிரௌன் எடுத்த சீட்டில் இருந்த பெயர் பாப் கூசி. பந்தைக் கடத்திக் கொடுப்பதில் அந்தத் தலைமுறையின் தலைசிறந்த வீரர், அணி விரும்பிக் கேட்காமலே கைக்கு வந்தார்.

1950ஆம் ஆண்டுக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. வரலாற்றைப் படிப்பவர் கைக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்றையும் அது கற்றுத்தருகிறது. அந்த ஆண்டின் டிராஃப்டில், அதாவது புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தேர்வில், செல்டிக்ஸ் அணி சக் கூப்பரைத் தேர்ந்தெடுத்தது. என்பிஏ டிராஃப்டில் தேர்வான முதல் கறுப்பின வீரர் அவர். ஆனால் என்பிஏ ஆட்டத்தில் முதலில் களமிறங்கிய கறுப்பின வீரர் வாஷிங்டன் அணியின் ஏர்ல் லாய்டு. அது 1950 அக்டோபர் 31. கூப்பர் மறுநாள் ஆடினார். ஆகவே எங்கேனும் "முதல்" என்று படித்தால், எதில் முதல் என்று கேட்டு, அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே விடையையும் எழுதிவிடுங்கள்.

ஆட்ட விதியின் விளைவைக் காண ஒரே ஒரு புள்ளிப் பட்டியல் போதும். 1953 மார்ச் 21 அன்று சிரக்யூஸ் அணிக்கு எதிரான பிளே-ஆஃப் ஆட்டம், அதாவது சீசன் முடிவில் பட்டத்துக்காக நடக்கும் சுற்றின் ஆட்டம், நான்கு கூடுதல் நேரங்களுக்கு நீண்டு, பாஸ்டன் 111–105 என்று வென்றது. கூசி 50 புள்ளிகள் எடுத்தார். அதைக் கேட்டதும் அவர் இடைவிடாமல் கூடையில் போட்டிருப்பார் என்று நினைப்போம். பட்டியலைப் பிரித்துப் பாருங்கள்: களத்திலிருந்து அவர் போட்டவை பத்தே கூடைகள், மீதி 30 புள்ளிகளும் ஃப்ரீ த்ரோவில், அதாவது எதிரணியின் ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையற்ற எறிதலில், வந்தவை. முன்னிலையில் இருக்கும் அணி பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தலாம், எதிரணி ஃபவுல் செய்துதான் அதை மீட்க முடியும் என்பதே அன்றைய நிலை. 1954–55 சீசனில் 24 விநாடி ஷாட் கிளாக் வந்த பிறகு ஒவ்வொரு அணியும் அந்த நேரத்துக்குள் கூடையை நோக்கி எறிந்தே ஆகவேண்டும் என்றானது. எறிதல்கள் பெருகின, தவறிய எறிதல்களும் பெருகின, வளையத்திலிருந்து திரும்பும் பந்தைப் பிடிப்பவரின் மதிப்பு உயர்ந்தது. அந்த சீசனில் பாஸ்டன் சராசரியாக ஆட்டத்துக்கு 100 புள்ளிகளுக்கு மேல் எடுத்தது. ஏறக்குறைய அதே அளவு விட்டும் கொடுத்தது. 36 வெற்றி, 36 தோல்வி என்று முடித்தது. அந்த அணிக்கு என்ன குறை என்று இந்த எண்களிலிருந்தே நீங்கள் சொல்லிவிடலாம்.

1956 டிராஃப்டை மூன்று பக்கங்களிலிருந்தும் படியுங்கள்

எதிரணியைத் தடுத்து, திரும்பும் பந்தைப் பிடிக்க ஆள் இல்லை என்ற அந்தக் குறையைத் தீர்த்தவர் பில் ரஸல். சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணியுடன் 1955, 1956 ஆண்டுகளில் கல்லூரிப் பட்டம் வென்றவர். டிராஃப்டில் முதல் தேர்வு ராச்செஸ்டர் அணியிடமும் இரண்டாவது செயின்ட் லூயிஸ் ஹாக்ஸ் அணியிடமும் இருந்தன. ஔவர்பாக் தம் நட்சத்திரம் எட் மெக்காலியையும், இராணுவச் சேவை முடித்து வந்த கிளிஃப் ஹேகனையும் செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்து இரண்டாவது தேர்வைப் பெற்றார். செயின்ட் லூயிஸ் மெக்காலியின் சொந்த ஊர்; அவருடைய மகன் அங்கே நோயுற்றிருந்ததால் அவரும் அந்த மாற்றத்துக்கு உடன்பட்டார்.

ராச்செஸ்டர் ஏன் ரஸலை விட்டது? வால்டர் பிரௌன் தமக்குப் பங்கிருந்த பனிச்சறுக்கு நடனக் குழுவின் நிகழ்ச்சிகளை ராச்செஸ்டர் உரிமையாளருக்குத் தருவதாகச் சொல்லி, ரஸலைத் தேர்ந்தெடுக்காமல் இருக்கச் செய்தார் என்ற கதை நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. இப்படிப்பட்ட கதையைச் சந்திக்கும்போது, கதை இல்லாமலே முடிவை விளக்கும் காரணங்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இங்கே இருக்கின்றன. ராச்செஸ்டரிடம் மோரிஸ் ஸ்டோக்ஸ் என்ற மிகச் சிறந்த ரீபவுண்டர், அதாவது வளையத்திலிருந்து திரும்பும் பந்தைப் பிடிப்பவர், ஏற்கெனவே இருந்தார். ரஸல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆடச் செல்வதால் சீசனின் பாதியில்தான் வருவார். அவருக்குக் கொடுக்க வேண்டிய ஊதியமும் அதிகம். அவர்கள் சிஹ்யூகோ கிரீன் என்ற வீரரைத் தேர்ந்தெடுத்தார்கள். பனிச்சறுக்குக் கதையைக் குறிப்பேட்டில் எழுதுங்கள், ஆனால் "சொல்லப்படுகிறது" என்ற சொல்லோடு எழுதுங்கள்.

மூன்றாவது பக்கம் பெரும்பாலும் விட்டுப்போகிறது. செயின்ட் லூயிஸ் இதில் ஏமாறவில்லை. 1957 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் இரண்டு கூடுதல் நேரங்கள் வரை பாஸ்டனுடன் போராடி 125–123 என்று தோற்ற அந்த அணி, மறு ஆண்டே, ரஸல் கணுக்காலில் அடிபட்டிருந்த தொடரில், மெக்காலியையும் ஹேகனையும் வைத்துக்கொண்டு பாஸ்டனை வென்றது. அந்த 1957 ஆட்டத்தின் புள்ளிப் பட்டியலைத் தேடி எடுத்துப் பார்க்கும்படி வலியுறுத்துவேன். பாஸ்டனின் புகழ்பெற்ற இரு கார்டுகளான (வளையத்துக்கு வெளியே நின்று பந்தை நகர்த்துபவர்கள்) கூசியும் பில் ஷார்மனும் சேர்ந்து 40 முறை எறிந்து ஐந்தே கூடைகள் போட்டார்கள். அன்று அணியைத் தாங்கியவர்கள் இரண்டு புதுமுகங்கள்: டாம் ஹைன்சன் 37 புள்ளிகளும் 23 ரீபவுண்டுகளும், ரஸல் 19 புள்ளிகளும் 32 ரீபவுண்டுகளும் எடுத்தார்கள். இருவரும் அதே 1956 டிராஃப்டில் வந்தவர்கள். பின்னாளில் சேர்ந்த கே. சி. ஜோன்ஸும் அதே டிராஃப்ட்தான்.

ரஸலை எண்களால் மட்டும் அளக்க முடியாது

13 சீசன்களில் 11 பட்டங்கள். ஆனாலும் அவருடைய புள்ளிச் சராசரியைப் பார்த்து ஏமாற்றம் அடைபவர்கள் இருக்கிறார்கள். எதிரணியின் எறிதலைத் தடுக்கும் பிளாக் என்ற கணக்கை என்பிஏ 1973–74 சீசனில்தான் பதிவுசெய்யத் தொடங்கியது. ரஸல் 1969இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். அவர் எதில் மிகச் சிறந்தவரோ, அதற்குப் பதிவே இல்லை. ஆகவே இங்கே பட்டியலை மூடிவிட்டுப் பழைய படச்சுருள்களைப் பாருங்கள். பந்தின் மீது கண் வைக்காமல் ரஸலின் மீது கண் வையுங்கள். எறிதலைத் தட்டும்போது பந்தைக் கூட்டத்துக்குள் அடித்து விரட்டாமல், களத்துக்குள்ளேயே தம் அணியினர் எடுக்கும்படி அவர் தட்டிவிடுவதைக் காண்பீர்கள். அங்கிருந்து கூசி ஓடத் தொடங்குவார். எதிரணி எறிந்த பந்து சில விநாடிகளில் அவர்கள் வளையத்திலேயே விழும். இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதும் 1969இல்தான் தொடங்கியது. அதனால் ரஸல் அதை ஒருமுறைகூடப் பெறவில்லை. இன்று அந்த விருதே அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

ஆட்டத்தோடு நகரத்தையும் படிக்க வேண்டும். இந்த அணி கறுப்பின வீரர்களுக்கு வழிதிறந்தது என்பது உண்மை: 1964 டிசம்பர் 26 அன்று என்பிஏவில் முதல்முறையாக ஐந்து கறுப்பின வீரர்களை ஆட்டத் தொடக்கத்தில் களமிறக்கியது, 1966இல் ரஸலை ஆடும் பயிற்சியாளராக நியமித்து, லீகின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கியது. ஆனால் இதே காலத்தில் பட்டம் வென்ற அணியின் ஆட்டங்கள் பலவற்றில் அரங்கம் நிரம்பவில்லை. அதே அரங்கத்தில் ஹாக்கிக்குக் கூட்டம் திரண்டது. பாஸ்டனுக்கு அருகே ரெடிங் என்ற ஊரில் இருந்த ரஸலின் வீட்டுக்குள் புகுந்தவர்கள் சுவர்களில் இனவெறி வசைகளை எழுதினார்கள், கோப்பைகளை உடைத்தார்கள், படுக்கையை அசுத்தப்படுத்தினார்கள். 1961இல் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் கண்காட்சி ஆட்டத்துக்குச் சென்றபோது, தங்கியிருந்த விடுதியின் உணவகத்தில் கறுப்பின வீரர்களுக்கு உணவு மறுக்கப்பட்டது. ரஸலும் சக கறுப்பின வீரர்களும் ஆட மறுத்து ஊர் திரும்பினார்கள். மற்றவர்கள் ஆடினார்கள். 1972இல் அவருடைய 6ஆம் எண்ணுக்கு, இனி வேறு எவருக்கும் தருவதில்லை என்று, அணி ஓய்வளித்த நிகழ்ச்சியை, அவர் கேட்டுக்கொண்டபடி, பார்வையாளர்கள் உள்ளே வருவதற்கு முன் பழைய தோழர்கள் மட்டும் சூழ நடத்தினார்கள். இந்த நிகழ்ச்சிகள் இடம்பெறாத செல்டிக்ஸ் வரலாறு அரைகுறையானது என்பது என் உறுதியான கருத்து. அவர் 2022இல் மறைந்தபின் அந்த எண்ணுக்கு லீக் முழுவதிலும் ஓய்வளிக்கப்பட்டது.

புகழ்பெற்ற கணங்களை எப்படிப் படிப்பது என்பதற்கு 1965 ஏப்ரல் 15ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிலடெல்பியாவுக்கு எதிரான தொடரின் ஏழாவது ஆட்டம். பாஸ்டன் 110–109 என்று முன்னிலை. ஐந்து விநாடிகள் மிச்சம். வானொலி வர்ணனையாளர் ஜானி மோஸ்ட், பாஸ்டன் வீரர் ஹாவ்லிசெக் பந்தைப் பறித்துவிட்டார் என்று தொண்டை கிழியக் கத்தும் ஒலிப்பதிவுதான் எல்லோருக்கும் தெரியும். அதைக் கேட்டபின் படத்தைப் பாருங்கள். அதன்பின் அதற்கு முந்தைய விநாடியை விசாரியுங்கள். பந்து பாஸ்டனிடம்தான் இருந்தது. எல்லைக்கோட்டிலிருந்து ரஸல் எறிந்த பந்து, பலகையைத் தாங்கிய கம்பியில் பட்டதால் பந்து பிலடெல்பியாவுக்குப் போனது. தோற்றிருந்தால் அந்தத் தோல்வி ரஸலின் பெயரில் எழுதப்பட்டிருக்கும். பிலடெல்பியாவின் ஹால் கிரீர் பந்தை உள்ளே எறியக் காத்திருந்தபோது ஜான் ஹாவ்லிசெக் மனத்துக்குள் விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தார். வழக்கமான நேரத்தைத் தாண்டியும் பந்து வராததால் திரும்பிப் பார்த்தார். தலைக்கு மேல் வந்த பந்தைத் தட்டி சாம் ஜோன்ஸிடம் சேர்த்தார். புகழ்பெற்ற எந்தக் கணத்துக்கும் இப்படி முந்தைய பத்து விநாடிகளைத் தேடிப் படிப்பது நல்ல பழக்கம்.

1969 இறுதி ஆட்டத்தையும் இதே முறையில் பாருங்கள். லாஸ் ஏஞ்சலிஸ் அரங்கத்தின் கூரையில் வெற்றிக் கொண்டாட்டத்துக்காகப் பலூன்கள் வலையில் கட்டித் தொங்கின. தன் பிரிவில் நான்காவதாக முடித்த வயதான பாஸ்டன் அணி 108–106 என்று வென்றது. தோற்ற அணியின் ஜெர்ரி வெஸ்ட் 42 புள்ளிகளுடன் தொடரின் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். ரஸலுக்கும் சாம் ஜோன்ஸுக்கும் அதுவே கடைசி ஆட்டம்.

ஒரு வீரரிலிருந்து பின்னோக்கிச் செல்லும் முறை

எழுபதுகளை விரைவாகக் கடக்கலாம்: வளையத்தருகே ஆடும் சென்டரான டேவ் கவன்ஸ், பயிற்சியாளராகத் திரும்பிய ஹைன்சன், 1976இல் பீனிக்ஸுக்கு எதிராக மூன்று கூடுதல் நேரங்கள் கண்ட ஐந்தாவது ஆட்டம். இம்மூன்றையும் பிடித்துக்கொண்டால் அந்தக் காலம் பிடிபடும். எண்பதுகளுக்கு வந்ததும் வேகத்தைக் குறையுங்கள்.

லாரி பேர்டு 1978 டிராஃப்டில் ஆறாவதாகத் தேர்வானார். அவருக்கு இன்னும் ஓராண்டுக் கல்லூரி ஆட்டம் மிச்சமிருந்தது; மற்ற அணிகள் காத்திருக்கத் தயங்கின, ஔவர்பாக் காத்திருந்தார். 1978–79இல் 29 வெற்றிகள் பெற்ற அணி, பேர்டு வந்த முதல் சீசனில் 61 வெற்றிகள் பெற்றது. கெவின் மெக்ஹேல் வந்த வழி இதைவிடச் சுவையானது. அவர் பெயரிலிருந்து பின்னோக்கி வரைந்து பாருங்கள். 1980 டிராஃப்டில் மூன்றாவது தேர்வு அவர். அந்தத் தேர்வும் ராபர்ட் பாரிஷும் கோல்டன் ஸ்டேட் அணியிடமிருந்து வந்தன. பதிலாக பாஸ்டன் கொடுத்தவை முதல் தேர்வும் பதின்மூன்றாவது தேர்வும். அந்த முதல் தேர்வு, பாப் மெக்அடூ டெட்ராய்ட் அணிக்கு மாறியபோது அங்கிருந்து வந்தது. அந்த மெக்அடூவோ, உரிமையாளர் ஜான் ஒய். பிரௌன் ஔவர்பாக்கைக் கேட்காமலே மூன்று முதல் சுற்றுத் தேர்வுரிமைகளைக் கொடுத்து வாங்கியவர். உரிமையாளர் செய்த பிழையைத் திருத்தப்போய் இரண்டு மாபெரும் வீரர்கள் கிடைத்தார்கள். பேர்டு, மெக்ஹேல், பாரிஷ் மூவரும் மூன்று பட்டங்கள் வென்றார்கள். 1985–86 சீசனில் சொந்த அரங்கத்தில் 41 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே தோற்றார்கள்.

இந்தக் காலத்தின் விதியையும் சேர்த்துப் படியுங்கள். 1984–85இல், ஓர் அணி தன் வீரர்களுக்குத் தரும் மொத்த ஊதியத்துக்கு உச்சவரம்பு வந்தது. தன் சொந்த வீரரைத் தக்கவைக்க ஓர் அணி அந்த வரம்பைத் தாண்டலாம் என்ற விலக்குக்கு இன்றும் பேர்டின் பெயரே வழங்குகிறது.

அதன்பின் வரும் இருண்ட ஆண்டுகளை ஒரு பக்கத்துக்குள் எழுதினால் போதும், ஆனால் எழுதாமல் விடக்கூடாது. 1986 டிராஃப்டில் இரண்டாவதாகத் தேர்வான லென் பயஸ் இரண்டே நாளில் போதைப்பொருளால் இறந்தார். அணித்தலைவர் ரெஜி லூயிஸ் 1993இல் இதயக் கோளாறால் இறந்தார். பேர்டு 1992இல் முதுகு வலியோடு ஓய்வு பெற்றார். பழைய கார்டன் அரங்கம் 1995இல் மூடப்பட்டது. 1996–97இல் அணி 15 வெற்றிகளே பெற்றது.

2007 கோடையில் அணி நிர்வாகி டேனி ஏஞ்ச் ஐந்து வீரர்களையும் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுரிமைகளையும் மினசோட்டாவுக்குக் கொடுத்து கெவின் கார்னெட்டைப் பெற்றார்; ரே ஆலனும் வந்தார்; பால் பியர்ஸ் ஏற்கெனவே இருந்தார். 24 வெற்றிகள் பெற்ற அணி மறு சீசனில் 66 வெற்றிகளும் பட்டமும் பெற்றது. இங்கே பின்னோக்கி வரையும் பயிற்சியை நீங்களே செய்யலாம். 2024 பட்டத்தின் தூணான ஜேசன் டேட்டமிலிருந்து தொடங்குங்கள். அவரைத் தந்த 2017இன் மூன்றாவது தேர்வு, பிலடெல்பியாவுடன் முதல் தேர்வை மாற்றிக்கொண்டதால் வந்தது. அந்த முதல் தேர்வு புரூக்ளினிடமிருந்து வந்தது. புரூக்ளின் அதை 2013இல் கார்னெட்டுக்காகவும் பியர்ஸுக்காகவும் கொடுத்தது. கார்னெட் வந்ததோ, 2004 டிராஃப்டில் பதினைந்தாவதாகத் தேர்வான ஆல் ஜெஃபர்சன் முதலானோரைக் கொடுத்ததால். 2004க்கும் 2024க்கும் இடையே ஒரே கோடு ஓடுகிறது. ஜேலன் பிரௌனும் புரூக்ளின் தந்த தேர்வுரிமையில் வந்தவரே. 2024 இறுதித் தொடரில் டாலஸை 4–1 என்று வென்றபோது சிறந்த வீரர் அவர்.

கோடு அங்கே நிற்கவில்லை. 2025 மே மாதத்தில் டேட்டமின் குதிகால் நாண் அறுந்தது. அந்தக் கோடையில், மொத்த ஊதியம் மிகுந்தால் லீக் விதிக்கும் வரியின் சுமையைக் குறைக்க, ட்ரூ ஹாலிடேயையும் கிறிஸ்டாப்ஸ் போர்ஸிங்கிஸையும் அணி விட்டுக்கொடுத்தது. அணியின் உரிமையும் கைமாறியது. உங்கள் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டு, அந்த இரு வீரர்களுக்கும் ஈடாக யார் வந்தார்கள், எந்த ஆண்டின் தேர்வுரிமைகள் கைமாறின என்பதை இப்போதே தேடி எழுதிவையுங்கள். அடுத்த தொகுதியைப் படிக்கத் தொடங்கும்போது முதலில் புரட்ட வேண்டிய பக்கம் அதுதான்.